மூன்று மாத வருத்தம்

1

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா சாவகச்சேரியிலிருந்து அழைப்பாள். அன்றும் அழைத்தாள். நான் 'ஹலோ' என்றேன். அக்கா கேட்டாள்:

"ஆர் கதைக்கிறது?"

"நான்தான் அக்கா, சுகந்தி."

"உன்ரை குரலோ இது? என்னடி, தடிமனோ?"

"ஓம், கொஞ்சம்."

"எத்தினை நாளா?"

கிட்டடியில், இரண்டு நாளாகத்தான் சளி என்றேன். உண்மையில் மூன்று மாதமாகவே என் குரல் கரகரத்துக்கொண்டிருந்தது. காலையில் கொஞ்சம் நன்றாக இருக்கும், மத்தியானத்துக்குள் கம்மிவிடும், பொழுதுபட்டால் காற்று மட்டும்தான் வரும். தேநீர் குடித்தாலும் மாறவில்லை, கொத்தமல்லி அவித்துக் குடித்தாலும் மாறவில்லை.

அக்கா, "அப்பாவுக்கும் இப்பிடித்தானேடி தொடங்கினது. நாளைக்கே மருந்தெடு" என்றாள். பிறகு மழை, தேங்காய் விலை என்று வேறு கதைக்குப் போனாள். எனக்கு அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

2

இலங்கையிலிருந்து லண்டனுக்கும் கனடாவுக்கும் போனவர்கள் எழுதுவதைத்தான் நீங்கள் அதிகம் வாசித்திருப்பீர்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. கட்டாரில் ஒரு ஹோட்டல் சலவைப் பகுதியில் வேலை செய்தபோது, அங்கே குளிரூட்டி திருத்த வந்த ஏழுமலையைக் கண்டு, கலியாணம் முடித்து, அவருடைய ஊரான பிள்ளைப்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் வீட்டார் பயிர் செய்த நிலத்தில் ஒரு பகுதி விற்றுப் போயிற்று, மிச்சத்தில் இன்னும் நெல் போடுகிறார்கள். ஏழுமலை இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிப்பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் சில அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். அங்கே தங்கிக் கம்பெனி வேலைக்குப் போகும் பெடியன்களுக்கு நான்தான் சமைத்துக் கொடுக்கிறேன்.

இது தமிழ் பேசுகிற ஊர். இங்கே வந்தவளுக்கு மொழியால் என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்து வந்தேன்.

முதல் வாரமே சோப்பு வாங்கப் போய், கடையில் 'சவர்க்காரம்' கேட்டு நின்றேன். கடைக்காரர் சர்க்கரையை நிறுத்துத் தந்தார். நான் கேரளாவா, நாகர்கோவிலா என்று இன்றும் கேட்கிறார்கள். ஏழுமலைக்குப் பழகிவிட்டது. நான் "இஞ்சாருங்கோ" என்றால் அவர் பதிலுக்கு "இன்னாங்கோ" என்பார். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு.

மகள் காவ்யாவுக்கு அது விளையாட்டு இல்லை. அவள் பத்தாம் வகுப்பு. இங்கேயே பிறந்தவள், இந்த ஊர்ப் பேச்சுத்தான் அவள் பேச்சு. எங்கள் பக்கத்தில் நாங்கள் அம்மாவை 'நீங்கள்' என்போம், அவள் என்னை 'நீ' என்கிறாள். அதில் எனக்குக் குறை இல்லை, இங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் பெற்றார் கூட்டத்துக்குப் போகும்போது, "யம்மா, நீ ரொம்ப பேசாத. மிஸ் எதுனா கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்பாள். தோழிகளிடம் அம்மா கன்னியாகுமரிப் பக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஒரு தோழியின் தாய் என்னிடம், "உங்க ஊர்ல இப்ப மழையாமே" என்று கேட்டபோதுதான் எனக்கு அது தெரியவந்தது. ஓம், நல்ல மழை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

3

அக்கா சொன்ன மறுநாளே மருந்தெடுக்கப் போகத்தான் நினைத்தேன்.

தெருமுனைக் கிளினிக் வைத்தியர் முன்பே இரண்டு தரம் பார்த்து, குளிர்ந்த தண்ணீர் குடிக்காதீர்கள் என்று சொல்லி மாத்திரை தந்திருந்தார். இந்த முறை, "காது மூக்கு தொண்டை டாக்டராண்ட காட்டிடுங்கம்மா" என்றார். அந்த வைத்தியரை எங்கே பிடிப்பது என்பதுதான் பிரச்சினை.

ஏழுமலையின் வேலையோடு வரும் காப்பீட்டில் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. ஆனால் அந்த அட்டையில் என் பெயர் இன்னும் ஏறவில்லை. ஆதார் எண் இல்லாமல் கணினி பெயரை எடுக்காது. என்னிடம் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டும் வதிவிட அனுமதியும். அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தோம், வந்தபாடில்லை. அது வந்தால்தான் ஆதார், ஆதார் வந்தால்தான் அட்டை.

"மனுப் போட்டுக்கினேதான் கீறேன், சுகந்தி. எச்.ஆர்.ல இன்னிக்கு நாளைக்குன்றாங்க. நீ பிரைவேட்ல காட்டு, அப்பால பாத்துக்கலாம்" என்றார் ஏழுமலை.

பக்கத்து ஊர் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் தொண்டை வைத்தியர் கிழமையில் இரண்டு நாள் மாலையில் வருவார் என்று கேள்விப்பட்டேன். காலையில் போன் செய்து டோக்கன் வாங்க வேண்டும். இரண்டு நாள் முயன்றும் லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் கிடைத்தது. ஒரு பெண்பிள்ளை எடுத்தாள். பின்னால் பலர் பேசும் இரைச்சல். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

"வணக்கம் பிள்ளை. மூண்டு மாசமா வருத்தம். டொக்டரைப் பார்க்க வேணும்."

"மூணு மாசமா வருத்தமா இருக்கீங்களா, மேடம்?"

"ஓம். வர வரக் கூடிக்கொண்டு போகுது. ஒருத்தரோடையும் கதைக்க முடியேல்லை."

அந்தப் பிள்ளையின் குரல் சட்டென்று மென்மையாகிவிட்டது. "யார்கிட்டயும் பேச முடியலையா? கவலைப்படாதீங்க மேடம். சார் ரொம்ப நல்லா பேசுவாரு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு வந்துடுங்க."

இவ்வளவு இலேசாகக் கிடைத்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம். போனை வைத்துவிட்டு அரிசியைக் களைந்தேன்.

எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய். இங்கே வருத்தம் என்றால் கவலை. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும், அந்த நேரத்தில் அது எனக்கு நினைவு வரவில்லை.

4

வெள்ளிக்கிழமை மாலை காவ்யாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் வெளியே கைபேசியோடு இருக்க, நான் மட்டும் அறைக்குள் போனேன். வைத்தியர் நடுத்தர வயதுக்காரர். மேசையில் டோர்ச் இல்லை, வாயைத் திறக்கச் சொல்லவும் இல்லை.

"உக்காருங்கம்மா. ராத்திரி தூக்கம் வருதா?"

"இருமல் வந்தா முழிப்பு வரும், டொக்டர்."

"வீட்ல யாரோடயாவது மனசு விட்டுப் பேசறீங்களா?"

"கதைக்கத்தான் விருப்பம். கதைச்சா நோகுது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பேசினா மனசு வலிக்குது, இல்லையா?"

நான் தொண்டையைத் தொட்டேன். "மனமில்லை, டொக்டர். இஞ்சதான் நோகுது."

அவர் என் கழுத்தையும் தன் கையிலிருந்த சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கதவில் ஒட்டியிருந்த பெயர்ப்பலகை உள்பக்கமாகத் தெரிகிறதா என்று திரும்பிப் பார்த்தேன். "அம்மா, நான் மனநல டாக்டர்" என்று அவரே சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தம்தான் வரவில்லை. அவரும் சிரித்துவிட்டார்.

நான் எழும்பப் போனேன். "இருங்க. இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. எதுக்கு இவ்ளோ பயந்துபோய் இருக்கீங்க?" என்றார்.

அதற்குப் பிறகு நான் சொன்னதை, இந்த ஊருக்கு வந்து அதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. ஏழுமலைக்குக்கூட அப்பா நோயில் செத்தார் என்றுதான் தெரியும்.

அப்பாவுக்குக் குரல் அடைத்தது, யுத்தத்தில் கொழும்புக்குப் போகும் தரைப்பாதை பூட்டியிருந்த காலத்தில். அவர் கூட்டுறவுக் கடையில் மனேஜர், நல்ல சத்தமான மனிதர். எங்கள் ஆஸ்பத்திரியில் பார்த்த வைத்தியர், கொழும்பில்தான் சோதிக்க வேண்டும், சுணங்காமல் போங்கள் என்றார். போவதென்றால் கப்பல்தான். கப்பலுக்கு முதலில் பயண அனுமதி வேண்டும், அனுமதி வந்த பிறகு இடம் கிடைக்க வேண்டும். அக்காவும் நானும் மாறி மாறி வரிசையில் நின்றோம். அனுமதி வந்தபோது கப்பல் இல்லை. கப்பல் வந்தபோது நோயாளியோடு ஒருவர்தான் வரலாம் என்றார்கள். அக்கா போனாள். கொழும்பு வைத்தியர் பார்த்துவிட்டு, கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்று சொன்னாராம். அப்பா அங்கேயே போய்விட்டார். நான் அவரைத் திரும்பக் காணவில்லை.

மனநல வைத்தியர் முழுவதையும் கேட்டு முடித்தார். பிறகு சொன்னார்: "மூணு மாசமா குரல் கம்மி இருந்தா, ஸ்கோப் போட்டுப் பாத்தே ஆகணும். எங்க ஈ.என்.டி. டாக்டர் இந்த மாசம் முழுக்க லீவு. அவங்களுக்காக வெயிட் பண்ணாதீங்க. ஹைவே பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. பயத்துக்கு மருந்து நான் தர வேண்டியதில்ல, அவங்க பாத்துச் சொன்னாலே போயிடும்."

5

பஸ்ஸில் காவ்யாவுக்கு நடந்ததைச் சொன்னேன். அப்பாவின் கதையை விட்டுவிட்டுத்தான் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அய்யோ யம்மா! வருத்தம்னா இன்னான்னு நினைப்பாங்க? உடம்பு சரியில்லன்னு சொல்லத் தெரியாதா உனக்கு?" என்றாள். சிரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தவள் நிறுத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும், "இனிமே போன்லாம் நான்தான் பண்ணுவேன்" என்று என் கைபேசியை வாங்கிக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இணையத்தில்தான் பதிய வேண்டும். அங்கேயும் ஆதார் எண் கேட்டது. அவள் வெளிநாட்டவர் என்ற பெட்டியை அழுத்தினாள். அந்தப் பக்கத்தில் ஆதார் கேட்கவில்லை, ஆனால் நேரில் வரச் சொன்னது. கம்பெனியில் உற்பத்தி லைன் நின்றுபோய், ஏழுமலை திருத்த வேலையில் இருந்தார். "லீவு கேட்டா சூப்பர்வைசர் மூஞ்சிய காட்டுவாரு. நீங்க போங்க, நான் ஷிப்ட் முடிஞ்சி நேரா வந்துர்றேன்" என்றார். திங்கட்கிழமை காவ்யா பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு என்னோடு வந்தாள்.

பதிவு செய்யும் இடத்தில் கடவுச்சீட்டை நீட்டியதும், கண்ணாடிக் கதவு போட்ட தனி அறைக்கு அனுப்பினார்கள். இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் பெரிய வேலை பார்க்கும் கொரியர்களுக்கும் ஜப்பானியர்களுக்குமாக வைத்திருக்கும் பிரிவு அது. உள்ளே நல்ல குளிர். ஒரு கொரியப் பெண்மணி, தன் மொழியில் பேசும் தமிழ்ப்பிள்ளை ஒருத்தியோடு இருந்தார். நான் இருமியதைக் கேட்டு, பையிலிருந்து ஒரு இனிப்பு வில்லை எடுத்து நீட்டினார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன், தொண்டைக்கு இதமாக இருந்தது.

மேசையில் இருந்த பெண் முதலில் ஆங்கிலத்தில் பேசினாள். காவ்யா தமிழில் பதில் சொன்னதும் தமிழுக்கு மாறினாள்.

"மேடம் ஸ்ரீலங்காவா? அப்ப சிங்களம் டிரான்ஸ்லேட்டர் வேணும். எங்ககிட்ட இப்ப ஆள் இல்ல மேடம். ஏற்பாடு பண்ணிட்டு கூப்பிடறோம். ரெண்டு மூணு நாள் ஆகும்."

"எனக்குச் சிங்களம் வராது, பிள்ளை" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை.

"எங்கம்மா தமிழ்தான் பேசுவாங்க" என்றாள் காவ்யா.

"தெரியுது. ஆனா சிஸ்டம்ல தமிழ் இல்லையே." திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். கொரியன், ஜப்பானியம், சீனம், ஜெர்மன், சிங்களம் எல்லாம் இருந்தன. வெளிநாட்டு நோயாளி தமிழ் பேசுவார் என்று அதைச் செய்தவர்கள் நினைக்கவில்லை. மொழியை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது, அடுத்த பக்கத்தில்தான் வைத்தியரின் நேரம் இருக்கிறது. அந்தப் பிள்ளை தன் மேலாளரைக் கேட்டாள். மேலாளர் வேறு யாரையோ கேட்டார். எனக்குக் கப்பலுக்கு நின்ற வரிசை நினைவு வந்தது. போய்விடலாம் என்று காவ்யாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவள் அசையவில்லை. "அக்கா, கூட வந்தவங்களே பேசிக்கிறாங்கன்னு போடற மாதிரி எதுனா இருக்கா, பாருங்க."

இருந்தது.

"பேர் சொல்லுங்க."

"காவ்யா."

"என்ன உறவு?"

"பொண்ணு. எங்கம்மா பேசற தமிழ் எனக்கு நல்லாவே தெரியும். எல்லாத்தையும் நான் சொல்றேன்."

அப்படியாக, நான் வாய் திறப்பது பிடிக்காத பிள்ளை என் மொழிபெயர்ப்பாளரானாள். அன்றே நேரம் கிடைத்தது.

6

தொண்டை வைத்தியர் ஒரு பெண். சுறுசுறுப்பானவர், கேள்வி கேட்டால் பதிலுக்காகப் பொறுத்திருந்தார். எனக்கு அந்த நேரத்துக்குக் குரல் முழுவதும் போய்விட்டது. நான் காவ்யாவின் காதருகில் காற்றாகச் சொல்ல, அவள் உரக்கச் சொன்னாள்.

"தடிமன் ஒண்டும் இல்லை."

"சளி, ஜலதோஷம் எதுவும் இல்லையாம்."

"விழுங்கேக்கை நோவில்லை. கதைச்சாத்தான் நோ."

"முழுங்கும்போது வலி இல்லையாம். பேசினாதான் வலிக்குதாம்."

ஒரு சொல்லுக்கும் அவள் தடுமாறவில்லை. இவ்வளவும் இவளுக்குத் தெரிந்திருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குடும்பத்துல யாருக்காவது தொண்டைல பிரச்சினை இருந்துச்சா?" என்று வைத்தியர் கேட்டார்.

சொல்லாமல் விட வழியில்லை. "அப்பாவுக்குத் தொண்டையிலை புற்றுநோய். இப்பிடித்தான் தொடங்கினது. பிந்திப் போச்சு, காப்பாத்த முடியேல்லை."

காவ்யா வைத்தியரிடம் திரும்பவில்லை. என்னையே பார்த்தாள்.

"இன்னாம்மா சொல்ற? தாத்தாவுக்கா? இதான் மூணு மாசமா... ஏன் எங்கிட்ட சொல்லல?"

நான் அவள் கையைத் தடவினேன். வைத்தியர் அவசரப்படுத்தவில்லை. காவ்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எங்க தாத்தாவுக்குத் தொண்டையில கேன்சர் இருந்துச்சாம். லேட்டாதான் பாத்தாங்களாம்" என்றாள். கடைசிச் சொல் அவளுக்கும் சரியாக வரவில்லை.

மூக்கில் கசப்பான மருந்தை அடித்து, மெல்லிய குழாயை விட்டார்கள். "ஈ சொல்லுங்க" என்றார் வைத்தியர். சுவரில் இருந்த திரையில் என் குரல் நாண்கள் தெரிந்தன. வெள்ளையாக இரண்டு, நடுவில் இடைவெளி. ஒன்றின் ஓரத்தில் சிவப்பாகச் சின்னதாய் ஒரு வீக்கம், பருப்பளவு.

"இதான் பிரச்சினை. இத எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும். பாக்க சாதாரண கட்டி மாதிரிதான் தெரியுது. ஆனா ரிசல்ட் வந்தாதான் உறுதியா சொல்லுவேன். குரலை ரொம்ப கஷ்டப்படுத்தினா இப்படி வரும். டீச்சரா நீங்க?"

"பத்துப் பேருக்குச் சமைக்கிறாங்க. சாப்பிட வாங்கடான்னு மூணு வேளையும் கத்துவாங்க" என்றாள் காவ்யா. வைத்தியர் சிரித்தார். ஷிப்ட் முடிந்து வந்த ஏழுமலைக்கு எல்லாவற்றையும் காவ்யாவே சொன்னாள். வெளிநாட்டவரை உள்நோயாளியாக எடுப்பதற்கான பதிவுகள் முடிந்து, அந்தக் கிழமையே சத்திரசிகிச்சை நடந்தது.

7

அதற்குப் பிறகு ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், வாய் திறக்கக்கூடாது என்றார்கள். முணுமுணுக்கவும் கூடாது.

கையைத் தட்டித்தான் கூப்பிட்டேன். அறைப் பெடியன்களுக்கு ஏழுமலையின் தங்கை வந்து சமைத்துக் கொடுத்தாள். ஏழுமலை முதல் நாள், "வூடு அமைதியா கீதுபா" என்று கேலி செய்தார். மூன்றாம் நாள் ஷிப்ட் முடிந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "ரிசல்ட் நல்லதா வரும். வந்துரும்" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. நான் தலையை ஆட்டினேன்.

அக்காவின் அழைப்பை இந்த முறை காவ்யா எடுத்தாள். வழக்கமாக "பெரியம்மா நல்லா கீறீங்களா" என்று ஒரு வசனம் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் தள்ளுகிறவள். அன்று என் முன்னாலேயே இருந்து, "பெரியம்மா, அம்மாவுக்குக் கதைக்க ஏலாது. டொக்டர் கதைக்க வேண்டாமெண்டு சொல்லிப்போட்டா" என்றாள். சில சொற்கள் சறுக்கின. ஆனாலும் அக்காவுக்கு எல்லாம் விளங்கியது. அவர்கள் இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். அப்பாவைப் பற்றித்தான் என்று காவ்யாவின் கேள்விகளிலிருந்து தெரிந்தது. அவர் எப்படிச் சிரிப்பார், என்ன சாப்பிடுவார் என்றெல்லாம் கேட்டாள். நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிழமை முடிந்து மறுபடி போனோம். மூன்று பேரும் போனோம், ஏழுமலை அன்று மாலை ஷிப்டுக்கு மாறியிருந்தார். வைத்தியர் நாங்கள் உட்காரும் முன்னே, "ஒண்ணும் இல்லம்மா. சாதாரண கட்டிதான். புற்றுநோய் இல்ல" என்றார். ஏழுமலை சுவரில் சாய்ந்துகொண்டார். வைத்தியர் மறுபடி குழாயை விட்டுப் பார்த்து, புண் ஆறிவிட்டது, இனிப் பேசலாம், ஆனால் மெதுவாகப் பேசுங்கள் என்றார். என்னைப் பேசச் சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "நன்றி, டொக்டர்" என்றேன். குரல் மெலிதாக இருந்தது, ஆனால் என்னுடையதுதான்.

ஏழுமலை மாலை ஷிப்ட் பார்க்க பைக்கில் போய்விட்டார். நானும் காவ்யாவும் பஸ் ஏறினோம். நல்ல கூட்டம், கம்பெனி விட்ட நேரம். இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. நான் சன்னலோரம் பேசாமல் இருந்தேன். ஒரு கிழமைப் பழக்கம் உடனே விடவில்லை.

"யம்மா, எதுனா பேசு" என்றாள்.

"என்னத்தைக் கதைக்க?"

"எதுனா. ஒரு வாரமா வூடு நல்லாவே இல்ல."

நான் அப்பாவைப் பற்றிப் பேசினேன். மெதுவாகத்தான் பேசினேன். ஆனால் பஸ்ஸின் இரைச்சலில் அவளுக்குக் கேட்க வேண்டுமே, கொஞ்சம் குரலைக் கூட்டினேன். முன் இருக்கைப் பெண்கள் இருவர், எந்த ஊர்க்காரி என்று திரும்பிப் பார்த்தார்கள். காவ்யாவும் அதைக் கண்டாள். கண்டும் முன்பு போல் என் கையை அழுத்தவில்லை, மெதுவா பேசு என்று சொல்லவும் இல்லை. "அப்பறம்?" என்றாள்.